தொன்மை நகரங்களில் பேண்தகு கட்டடக்கலை: ஓர் எளிய விளக்கம்

நூற்றாண்டுகள் பழைமையான ஒரு நகரத்தில் வீடுகளும் கடைகளும் அலுவலகங்களும் இன்றைய மனிதர்களின் தேவைக்கு ஏற்ப இயங்க வேண்டும். அவை செலவிடும் எரிபொருளும் மின்சாரமும் நீரும் குறைய வேண்டும். இந்த மாற்றங்களுக்கு இடையில் நகரத்தின் வயதும் அதில் பொதிந்துள்ள கைத்திறனும் அழிந்துவிடக் கூடாது. இந்த மூன்று நோக்கங்களையும் ஒருசேர மனத்தில் கொண்டு கட்டடங்களைப் பழுதுபார்ப்பதும், மாற்றியமைப்பதும், தேவைப்படும் இடத்தில் புதிதாகக் கட்டுவதுமே தொன்மை நகரில் பேண்தகு கட்டடக்கலை எனப்படுகிறது.

பேண்தகு வளர்ச்சி என்பதற்கு இன்று பரவலாக எடுத்தாளப்படும் வரையறையைத் தந்தது, ஐக்கிய நாடுகள் அவையின் சார்பில் இயங்கிய புருண்ட்லாந்து ஆணையத்தின் 1987ஆம் ஆண்டு அறிக்கை. இன்றைய தலைமுறை தன் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும் விதம், வருங்காலத் தலைமுறைகள் தம் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும் வாய்ப்பைக் குலைத்துவிடக் கூடாது என்பது அதன் சாரம். பழைய நகரத்தைப் பொறுத்தவரை இந்த வரையறை இரட்டைப் பொறுப்பைச் சுமத்துகிறது. வருங்காலத்தினருக்கு விட்டுச்செல்ல வேண்டியவற்றில் காற்றும் நீரும் எரிபொருளும் அடங்குவது போலவே, ஒருமுறை இழந்தால் மீண்டும் உண்டாக்க முடியாத கட்டடங்களும் தெருக்களும் அடங்குகின்றன. ஒன்றைக் காப்பதாகச் சொல்லி மற்றொன்றை அழித்தால் கணக்கு நேராகாது.

பசுமைக் கட்டடம் என்றவுடன் பளபளக்கும் கண்ணாடிச் சுவர்களும், கூரை முழுவதும் சூரிய மின்தகடுகளும், வாசலில் பொறித்த தரச்சான்றும் பலருடைய நினைவுக்கு வருகின்றன. பழைய நகரத்துக்கு இந்தக் கற்பனை பெரும்பாலும் பொருந்துவதில்லை. அங்கே முதலில் அறிய வேண்டியது, அந்தக் கட்டடம் வெயிலையும் மழையையும் குளிரையும் ஏற்கெனவே எவ்வாறு சமாளித்து வருகிறது என்பதை. அடுத்து, பிற்காலத்தில் அதற்குச் செய்யப்பட்ட தவறான பழுதுபார்ப்புகளைக் களைய வேண்டும். கருவிகளையும் புதிய பொருள்களையும் சேர்ப்பது அதற்குப் பின்னால் வரும் வேலை. நடைமுறையில் இந்த வரிசை தலைகீழாக்கப்படுவதே பணம் வீணாவதற்கும் கட்டடம் கெடுவதற்கும் பெரும்பாலான நேரங்களில் காரணமாகிறது என்பது என் கருத்து.

இடிப்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

ஒரு கட்டடத்தால் வெளியேறும் கரியமில வாயுவை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். விளக்கு, குளிரூட்டி, வெப்பமூட்டி, மின்தூக்கி ஆகியவற்றை இயக்குவதால் ஆண்டுதோறும் வெளியேறுவது முதல் வகை. இதை இயக்கக் கார்பன் என்பர். செங்கல்லைச் சுட்டு, எஃகை உருக்கி, சிமெண்டை உருவாக்கி, அவற்றைக் கொண்டுவந்து சேர்த்துக் கட்டி முடிப்பதற்குள் வெளியேறிவிடுவது இரண்டாம் வகை. இது உள்ளடங்கிய கார்பன். உலகில் ஆற்றல் பயன்பாட்டால் வெளியேறும் கரியமில வாயுவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கட்டடங்களை இயக்குவதாலும் கட்டுவதாலும் உண்டாகிறது. சிமெண்ட் உற்பத்தி மட்டுமே உலகின் மொத்தக் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காட்டுக்குப் பொறுப்பாகிறது.

பழைய கட்டடத்தை இடித்துவிட்டு மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் புதிய கட்டடம் ஒன்றை எழுப்பினால் இயக்கக் கார்பன் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சேமிப்பு, புதிதாகக் கட்டியதால் ஒரே அடியாக வெளியேறிய கார்பனை ஈடுகட்ட எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று கேட்க வேண்டும். அமெரிக்காவின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை 2012இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கு ஒரு விடை தந்தது. சராசரிக் கட்டடத்தைக் காட்டிலும் 30 விழுக்காடு குறைவாக ஆற்றலைச் செலவிடும் புதிய கட்டடம், தான் கட்டப்பட்டதால் பருவநிலைக்கு விளைந்த பாதிப்பை ஈடுகட்டுவதற்கு, கட்டடத்தின் வகையையும் இடத்தையும் பொறுத்து 10 முதல் 80 ஆண்டுகள் வரை ஆகும் என்று அது கணித்தது. பருவநிலை இலக்குகள் பெரும்பாலும் 2050ஆம் ஆண்டை ஒட்டியே வகுக்கப்பட்டிருக்கும் நிலையில், அந்த நெடிய காத்திருப்புக்குக் கால அவகாசம் இருக்கிறதா என்பது எளிதில் தள்ளிவிடக்கூடிய ஐயம் அன்று.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பழைய கட்டடத்தின் செங்கற்களைச் சுடுவதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பு எரித்த விறகின் புகை என்றோ காற்றில் கலந்துவிட்டது. அந்தக் கட்டடத்தைக் காப்பாற்றுவதால் அது திரும்பி வரப்போவதில்லை. பழைய கட்டடத்தில் எவ்வளவு ஆற்றல் முதலீடு செய்யப்பட்டிருக்கிறது, அதை வீணாக்கலாமா என்ற வாதம் கேட்பதற்கு நன்றாக இருந்தாலும் கணக்கு முறைப்படி வலுவற்றது. வலுவான வாதம் வேறொன்று: இருப்பதைப் பயன்படுத்திக்கொண்டால், அதற்குப் பதிலாகக் கட்டப்படவிருந்த புதிய கட்டடத்தின் கார்பன் வெளியேறாமல் தவிர்க்கப்படுகிறது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், கேள்வி கேட்பவர் முன் பின்னதே நிற்கும்.

கட்டடத்தின் பழைய பயன் முடிந்துவிட்டால் என்ன செய்வது? வேறொரு பயனுக்கு மாற்றுவதே தொன்றுதொட்டு வந்துள்ள விடை. குரோவாசியாவின் ஸ்பிலிட் நகரில், ரோமானியப் பேரரசர் டயோக்ளீசியன் கி.பி. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனக்காகக் கட்டிய அரண்மனைக்குள், 7ஆம் நூற்றாண்டில் அருகிலுள்ள சலோனா நகரிலிருந்து உயிர் பிழைத்து வந்தவர்கள் குடியேறினார்கள். அதன் மண்டபங்கள் வீடுகளாகவும் கடைகளாகவும் மாறின. பேரரசரின் கல்லறை மாடமே தேவாலயமாயிற்று. அதன் மதில்களுக்குள் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். நம் காலத்தில் பாரிஸின் ஓர்சே ரயில் நிலையம் 1986இல் அருங்காட்சியகமானது. லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையில் நின்ற பேங்க்சைடு மின்நிலையம் 2000இல் டேட் மாடர்ன் கலைக்கூடமானது. ரயில் நிலையத்துக்கும் மின்நிலையத்துக்கும் உரிய உயர்ந்த, தடையற்ற கூடங்களே கலைப்பொருள்களைக் காட்சிப்படுத்துவதற்கும் ஏற்றவையாக அமைந்ததால்தான் இவை வெற்றி பெற்றன. எல்லாக் கட்டடமும் எல்லாப் பயனுக்கும் இணங்கிவராது. சிறிய அறைகள் நிறைந்த வீட்டை அரங்கமாக்க முயன்றால் உள்ளே இருப்பதையெல்லாம் இடிக்க வேண்டிவரும். பிறகு காப்பதற்கு மிஞ்சுவது தெருவை நோக்கிய முகப்பு மட்டுமே.

நிழலும் காற்றும் நீரும்

மின்சாரம் இல்லாத காலத்தில் எழுந்த நகரங்கள் வெயிலையும் குளிரையும் தெருக்களின் அகலத்தாலும், சுவர்களின் தடிமனாலும், முற்றங்களின் ஆழத்தாலுமே எதிர்கொண்டன. மொராக்கோவின் பெஸ் நகரத்து மதீனா, அதாவது மதில் சூழ்ந்த பழைய நகரப் பகுதி, இதற்கு நன்கு ஆராயப்பட்ட சான்று. அங்கே இரு பக்கமும் உயர்ந்த சுவர்கள் எழுந்த குறுகிய சந்து ஒன்றையும், அகன்ற தெருக்கள் கொண்ட புதிய குடியிருப்புப் பகுதி ஒன்றையும் ஒப்பிட்டு 2006இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கோடைப் பகலில் பழைய சந்து சராசரியாக 6 டிகிரியும், மிக வெப்பமான நாள்களில் 10 டிகிரி வரையிலும் குளிர்ச்சியாக இருந்தது. சந்துக்குள் நேரடி வெயில் விழும் நேரம் மிகக் குறைவு. விழும் சிறிதளவு வெப்பத்தையும் கனத்த சுவர்கள் உள்வாங்கிக்கொண்டு இரவில் மெல்ல வெளிவிடுகின்றன.

அதே ஆய்வு சொல்லும் மற்றொரு செய்தி குறைவாகவே மேற்கோள் காட்டப்படுகிறது. குளிர்காலத்தில் அந்தச் சந்து உடலுக்கு ஒவ்வாத அளவுக்குக் குளிர்ந்து கிடந்தது. வெயில் விழும் அகன்ற தெருவே அப்போது இதமாக இருந்தது. முன்னோர் கட்டியது என்பதாலேயே எல்லாமே சிறந்தது என்று முடிவு கட்டுவது ஆராய்ச்சி ஆகாது. ஒவ்வொரு பழைய உத்தியும் ஏதோ ஒரு பருவத்துக்கோ ஏதோ ஒரு தேவைக்கோ முன்னுரிமை தந்து, வேறொன்றை விட்டுக்கொடுத்திருக்கும். எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பது தெரிந்தால், இன்றைய தொழில்நுட்பத்தை எந்த இடத்தில் சேர்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஈரானின் யாஸ்த் நகரம் பாலைவன விளிம்பில் மண்ணால் கட்டப்பட்டது. 2017இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அங்குள்ள வீடுகளின் மேல் எழும் காற்றுக் கோபுரங்கள், உயரத்தில் வீசும் காற்றைப் பிடித்துக் கீழே உள்ள அறைக்கு இறக்குகின்றன. காற்று வீசாத வேளையில், வெயிலில் சூடேறிய கோபுரத்துக்குள் வெப்பக்காற்று மேலெழுந்து வெளியேற, அந்த இடத்தை நிரப்ப முற்றத்திலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. தௌலதாபாத் தோட்டத்தில் உள்ள கோபுரம் ஏறத்தாழ 33 மீட்டர் உயரம் கொண்டது. நீர் கனாத் எனப்படும் நிலத்தடிச் சுரங்கக் கால்வாய்கள் வழியாகத் தொலைவிலுள்ள மலையடிவாரத்திலிருந்து சரிவிலேயே ஓடி வந்தது. அதை இறைப்பதற்கு எந்த விசையும் தேவைப்படவில்லை. காற்றுக் கோபுரத்தின் கீழே நீர் நிறைந்த தொட்டி இருக்குமானால், இறங்கும் காற்று நீரின் மேல் தவழ்ந்து மேலும் குளிரும். கோபுரத்தை மட்டும் அழகுக்காகப் பெயர்த்து வேறோர் ஊரில் கட்டினால் இந்தப் பயன் கிடைக்காது. காய்ந்த காற்றும், கனத்த மண்சுவரும், முற்றமும், நீரும் சேர்ந்தே அதை இயக்குகின்றன.

வெனிஸ் நகரின் நிலைமை நேர்மாறானது. சுற்றிலும் நீர் இருந்தும் குடிப்பதற்கு நீர் இல்லாத நகரம் அது. அங்குள்ள சதுக்கங்களின் நடுவே கிணறு போலத் தோன்றுபவை உண்மையில் மழைநீர்த் தொட்டிகள். தரையைப் பல மீட்டர் ஆழம் தோண்டி, உப்புநீர் புகாதபடி பக்கங்களுக்குக் களிமண் பூசி, உள்ளே மணலை நிரப்பி, நடுவில் செங்கல்லால் ஓர் உறைகிணறு எழுப்பினார்கள். கூரைகளிலிருந்தும் கற்றளத்திலிருந்தும் வழியும் மழைநீர், தரையில் பதித்த கல்துளைகள் வழியே மணலுக்குள் இறங்கி, வடிகட்டப்பட்டு நடுக்கிணற்றில் சேர்ந்தது. 1884இல் நிலப்பகுதியிலிருந்து குழாய்நீர் வரும்வரை நகரம் பெரும்பாலும் இதை நம்பியே வாழ்ந்தது. சதுக்கத்தின் தளம் ஏன் குறிப்பிட்ட இடங்களை நோக்கிச் சரிந்திருக்கிறது என்பதை அறியாமல் அதைச் சமப்படுத்துபவர், ஒரு நீர்சேகரிப்பு அமைப்பையே அறியாமல் அழித்துவிடக்கூடும். பழைய நகரில் தளமும் கூரையும் வடிகாலும் தனித்தனிப் பொருள்களாக இருப்பது அரிது.

சுவருக்குள் நடப்பது

புதிதாகக் கற்பவர் நின்று நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டிய பகுதி இதுதான். ஏனெனில் நல்ல நோக்கத்தோடு செய்யப்படும் கேடுகளில் பெரும்பாலானவை சுவரில்தான் நிகழ்கின்றன.

இன்றைய கட்டடத்தின் சுவர் நீரை உள்ளேயே விடாமல் தடுப்பதை நோக்கமாகக் கொண்டது. அடித்தளத்தில் ஓதம் ஏறாமல் ஒரு தடுப்புப் படலம், வெளியே நீர்புகாப் பூச்சு, இடையே காப்புப் பொருள் என்று அடுக்கடுக்காக அரண் அமைக்கப்படுகிறது. பழைய சுவரின் ஏற்பாடு வேறு. கல்லும் குறைவாகச் சுட்ட மென்மையான செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் நுண்துளைகள் நிறைந்தவை. மழை பெய்தால் அந்தச் சுவர் கொஞ்சம் நனையும். தரையிலிருந்து கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சும். பிறகு வெயிலும் காற்றும் பட்டு உலர்ந்துவிடும். நீரைத் தன் மேற்பரப்பு வழியே கசியவிட்டு ஆவியாக்கும் மண்பானையின் இயல்பே அந்தச் சுவருக்கும் உண்டு. நனைவதும் உலர்வதும் சமநிலையில் இருக்கும்வரை அது நூற்றாண்டுகள் நிற்கும்.

இந்தச் சமநிலையைக் கெடுத்த முதல் பொருள் சிமெண்ட். இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த நூற்றாண்டில் அது உலகெங்கும் கட்டுமானத்தின் அடிப்படைப் பொருளாகிவிட்டது. விரைவில் இறுகுகிறது, வலிமை மிக்கது, எங்கும் கிடைக்கிறது என்பதால், பழைய சுவரின் இணைப்புகளில் சாந்து உதிர்ந்திருந்தால் அதைச் சுரண்டிவிட்டுச் சிமெண்ட் கலவையை அடைப்பது இயல்பான வழக்கமாயிற்று. ஆனால் சிமெண்ட் பழைய செங்கல்லைக் காட்டிலும் கடினமானது, அடர்த்தி மிக்கது. சுவருக்குள் இருக்கும் ஈரம் இணைப்புகள் வழியே வெளியேற முடியாமல் செங்கல்லின் முகம் வழியாக வெளியேறுகிறது. அதில் கரைந்துள்ள உப்பு செங்கல்லின் தோலுக்கு அடியில் படிகமாகி விரிவடைய, செங்கல் பொரிந்து உதிரத் தொடங்குகிறது. குளிர்நாடுகளில் அந்த ஈரம் உறைந்து விரிவடைவதாலும் இதே கேடு நேர்கிறது. வெப்பநிலை மாற்றத்தால் சுவர் நுண்ணளவில் விரிந்து சுருங்கும்போது, சுண்ணாம்பு அதற்கு நெகிழ்ந்துகொடுக்கும். சிமெண்ட் நெகிழாமல் நிற்பதால் செங்கல்லின் விளிம்பு உடைகிறது. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், செங்கற்கள் அரிக்கப்பட்டுக் குழிந்திருக்க, சிமெண்ட் இணைப்புகள் மட்டும் வலைப்பின்னல் போலத் துருத்திக்கொண்டு நிற்கும். இணைப்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். தேய வேண்டியது சாந்து, காக்கப்பட வேண்டியது செங்கல் என்பது கொத்தனார்கள் வழிவழியாக அறிந்த விதி. சாந்தை மீண்டும் பூசலாம்; செங்கல்லை மாற்றுவது கடினம்.

சுண்ணாம்புக்குச் சுற்றுச்சூழல் சார்ந்த சிறப்பும் உண்டு. சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால் போதும். சிமெண்டுக்கு 1,450 டிகிரி வரை தேவை. சுடும்போது கல்லிலிருந்து பிரியும் கரியமில வாயுவில் கணிசமான பகுதியை, இறுகும்போது சுண்ணாம்பு காற்றிலிருந்து மீண்டும் ஈர்த்துக்கொள்கிறது. எரிபொருளால் உண்டான வாயுவை அது ஈடுகட்டாது. ஆகவே சுண்ணாம்பைக் குற்றமே இல்லாத பொருளாகக் காட்டுவது மிகை. அதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு: சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவரைப் பிரிக்கும்போது கல்லையும் செங்கல்லையும் உடையாமல் எடுத்து மீண்டும் பயன்படுத்த முடியும். சிமெண்ட் கலவையில் பதித்த செங்கல்லை அவ்வாறு மீட்பது மிகவும் கடினம்.

இப்போது வெப்பக் காப்புக்கு வருவோம். குளிர்நாடுகளில் பழைய வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ளச் சுவருக்கு உட்புறமாகக் காப்புப் பலகை பொருத்துவது வழக்கம். தெருவை நோக்கிய முகப்பை மறைக்கக் கூடாது என்பதால் வெளிப்புறத்தில் பொருத்த இயலாது. உட்புறம் காப்புப் பெற்றவுடன் அறையின் வெப்பம் சுவரை எட்டுவதில்லை; சுவர் முன்னைக் காட்டிலும் குளிர்ந்துவிடுகிறது; அறையின் ஈரக்காற்று இடுக்குகள் வழியே அந்தக் குளிர்ந்த பரப்பை அடையும்போது நீர்த்துளிகளாக மாறுகிறது. உத்திரங்களின் முனைகள் அந்தச் சுவருக்குள்தான் செருகப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் அவை உளுத்துப்போவது சில ஆண்டுகளுக்குப் பிறகே வெளிப்படும். இதனால்தான் பழைய சுவர்களுக்கு ஈரத்தை ஏற்று வெளிவிடக்கூடிய மரநார்ப் பலகை, சுண்ணாம்பும் சணல் தண்டும் கலந்த பூச்சு போன்றவற்றை, மிதமான தடிமனில் மட்டும் பயன்படுத்துமாறு பாதுகாப்பு வல்லுநர்கள் அறிவுறுத்துகிறார்கள்.

செலவு குறைந்த ஒரு வழியையும் இங்கே சொல்ல வேண்டும். நனைந்த சுவர் உலர்ந்த சுவரைக் காட்டிலும் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். உடைந்த மழைநீர்க் குழாயைச் சரிசெய்து, சுவரடியில் உயர்ந்துவிட்ட மண்ணை வெட்டி இறக்கி, சிமெண்ட் பூச்சை நீக்கிச் சுண்ணாம்பு பூசினாலே சுவர் உலரத் தொடங்கும். உலர்ந்த சுவர் தானாகவே மேலான காப்பாகிவிடும். பிரிட்டனில் பழைய கட்டடங்களின் சுவர்களில் நேரடியாகக் கருவி பொருத்தி அளந்தபோது, அவற்றின் வெப்பக் காப்பு பாடநூல் சூத்திரங்கள் கணிப்பதைவிட நன்றாக இருப்பது பலமுறை தெரியவந்திருக்கிறது. சூத்திரத்தை மட்டும் நம்பிக் காப்புப் பலகையை வாங்குபவர், இல்லாத நோய்க்கு மருந்து உண்பவராகிவிடக்கூடும்.

சன்னல், கூரை, கருவிகள்

பழைய மரச்சன்னலை எடுத்துவிட்டு இரட்டைக் கண்ணாடி கொண்ட பிளாஸ்டிக் சன்னலைப் பொருத்துவது பல நகரங்களில் பசுமை நடவடிக்கையாகவே விற்கப்படுகிறது. இரட்டைக் கண்ணாடியின் ஓரத்து அடைப்பு பழுதானால் முழு அலகையும் தூக்கி எறிய வேண்டும். பழைய சன்னலின் மரத்தையோ, தனித்தனிக் கண்ணாடித் துண்டுகளையோ தேவையான இடத்தில் மட்டும் தச்சர் மாற்றித் தருவார். கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகத்தில் மேற்கொள்ளப்பட்ட சோதனைகளில், பழைய சன்னலின் உட்புற மரக்கதவுகளை இறுக மூடுவதே கண்ணாடி வழியாக வெளியேறும் வெப்பத்தைப் பாதிக்கும் மேல் குறைத்தது. இடுக்குகளை அடைத்து, உட்புறம் கழற்றக்கூடிய இரண்டாம் கண்ணாடியைப் பொருத்தினால், வெளித்தோற்றம் சிறிதும் மாறாமல் மேலும் மிச்சமாகும்.

சூரிய மின்தகடுகளைப் பொறுத்தவரை முதல் கேள்வி அவை எங்கிருந்து தெரியும் என்பதும், பின்னால் தடயமின்றிக் கழற்ற முடியுமா என்பதும்தான். வாத்திகன் 2008இல் தன் எல்லைக்குள் மின்தகடுகளைப் பொருத்தியபோது பழைமையான எந்தக் கூரையையும் தொடவில்லை. 1971இல் திறக்கப்பட்ட, ஆறாம் பவுல் பெயரில் உள்ள நவீன அரங்கின் கூரையைத் தேர்ந்தெடுத்தது. பழைய நகரின் நடுவே நிற்கும் புதிய கட்டடங்களே மின் உற்பத்திக்கு முதல் இடம் என்பதை இது காட்டுகிறது. இத்தாலியில் எரிமலைச் சாம்பலில் புதைந்து மீட்கப்பட்ட ரோமானிய நகரமான பாம்பேயில், வெட்டியர் இல்லம் எனப்படும் பழைய வீட்டின் கூரையில் சுட்ட ஓடு போலவே தோற்றமளிக்கும் மின் ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தின் ஈயக் கூரையைப் புதுப்பிக்க வேண்டிவந்தபோது, அந்த வாய்ப்பைப் பயன்படுத்தி 438 தகடுகள் 2023இல் பொருத்தப்பட்டன. மரபுப் பாதுகாப்பு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அதை ஏற்கவில்லை. நகர மன்றம் அனுமதி தந்தது. எந்தப் பக்கம் சரி என்று தீர்ப்பளிப்பதைவிட, கூரையை எப்படியும் பிரிக்க வேண்டியிருந்த நேரத்தில் அந்த வேலையைச் சேர்த்துச் செய்தார்கள் என்பதைக் கவனிப்பது பயனுள்ளது. பழைய கட்டடத்தில் ஒவ்வொரு தலையீடும் ஏதோ ஒன்றைச் சேதப்படுத்தும் என்பதால், பல வேலைகளை ஒரே சாரத்தில் முடிப்பது அறிவுடைமை.

ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனிக் கருவி என்ற எண்ணத்தைக் கைவிட்டு நகர அளவில் சிந்திப்பது பல இடங்களில் நல்ல பலன் தந்திருக்கிறது. பாரிஸில் ஸேன் ஆற்று நீரின் துணையோடு குளிர்நீரை உண்டாக்கி நிலத்தடிக் குழாய்கள் வழியே பகிர்ந்தளிக்கும் வலைப்பின்னல் இயங்குகிறது. லூவர் அருங்காட்சியகம் அந்த வலைப்பின்னலாலேயே குளிர்விக்கப்படுகிறது. கூரையெங்கும் குளிரூட்டிப் பெட்டிகள் முளைக்கவில்லை. அவை உமிழும் வெப்பக்காற்றும் தெருவில் கலக்கவில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் 46 டிகிரி வெப்பத்தில் நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டருக்கும் மேல் பொங்கி வரும் வெந்நீர் ஊற்று, ரோமானியர் கட்டிய வடிகால் வழியே ஆற்றில் கலந்துகொண்டிருந்தது. அந்த வடிகாலில் வெப்பப் பரிமாற்றிகளை அமைத்து, அருகில் உள்ள பழைய தேவாலயத்தின் தளத்துக்கு அடியில் வெப்பமூட்டும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். வேறெந்த நகரமும் இதை நகலெடுக்க முடியாது. ஆனால் தன் நகரில் வீணாகும் வெப்பமோ குளிர்ச்சியோ எங்கே இருக்கிறது என்று தேடும் வழக்கத்தை எந்த நகரமும் மேற்கொள்ளலாம்.

புதிதாகக் கட்டும்போது

பழைய நகரில் புதிய கட்டடமே கூடாது என்று யாரும் சொல்வதில்லை. மரபுச் சின்னங்களைப் பாதுகாப்பதற்கான பன்னாட்டு நெறிமுறை ஆவணமான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், காணாமற்போன பகுதிகளை ஈடுசெய்யும்போது அவை முழுமையோடு இசைந்திருக்க வேண்டும், அதே நேரத்தில் பழையதிலிருந்து பிரித்தறியத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்று வகுத்தது. பொய்யான பழைமையை உண்டாக்குவது வரலாற்றைத் திரிப்பதாகும் என்பது அதன் பின்னுள்ள கருத்து. யுனெஸ்கோ 2011இல் ஏற்ற பரிந்துரை, தனித்தனிச் சின்னங்களோடு நின்றுவிடாமல் நிலவமைப்பு, நீர்வழி, திறந்தவெளி, வாழும் சமூகம் ஆகியவற்றையும் சேர்த்து நகரத்தை ஒரே நிலக்காட்சியாகப் பார்க்குமாறு வலியுறுத்தியது.

உயரம் இதில் முக்கியமான பிரச்சினை. ஜப்பானின் கியோட்டோ 2007இல் தன் நகர மையத்தில் அனுமதிக்கப்பட்ட கட்டட உயரத்தை 45 மீட்டரிலிருந்து 31 மீட்டராகக் குறைத்தது. தோற்றத்துக்காக எடுக்கப்பட்ட முடிவாக இதை நினைக்கலாம். ஆனால் தாழ்ந்த வீடுகளின் நடுவே உயர்ந்த கோபுரம் ஒன்று எழுந்தால், பக்கத்து முற்றங்களுக்கு வெயிலும் காற்றும் தடைபட்டு, அவை இயங்கும் முறையே கெடும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் எல்பே ஆற்றின் குறுக்கே நான்கு வழிப் பாலம் கட்டத் தொடங்கியதால், அங்குள்ள எல்பே பள்ளத்தாக்கு 2009இல் உலக மரபுப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. போக்குவரத்தும் இந்தக் கட்டடக்கலையில் அடங்கிய பொருள் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று தேவையில்லை.

யார் குடியிருப்பார்கள்?

கார்பன் கணக்கும் சுண்ணாம்புப் பூச்சும் சரியாக அமைந்த பின்னும் ஒரு நகரம் தோற்றுப்போகலாம். வெனிஸின் பழைய நகரப் பகுதியில் 1951இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022இல் அந்த எண்ணிக்கை 50,000க்கும் கீழே இறங்கிவிட்டது. புதுப்பிக்கப்பட்ட வீட்டின் வாடகை உயர, அங்கே வாழ்ந்தவர் வெளியேற, வீடு சுற்றுலா விடுதியாகிறது. வெளியேறியவர் நகரத்துக்கு வெளியே புதிய கான்கிரீட் வீட்டில் குடியேறி, தினமும் வண்டியேறி வேலைக்கு வருகிறார். பழைய வீட்டில் சேமித்த கார்பன் வெளியூரில் செலவாகிவிடுகிறது. ஆகவே வாடகைக் கட்டுப்பாடும், பழுதுபார்ப்புக்கான மானியமும், சுற்றுலா விடுதிகளுக்கான வரம்பும் கட்டடக் கலைஞரின் வரைபடத்துக்கு வெளியே இருந்தாலும் இந்தப் பொருளுக்கு உள்ளேதான் இருக்கின்றன.

கெய்ரோவில் ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை மேற்கொண்ட பணி இதற்கு நல்ல பாடம். பழைய நகரின் விளிம்பில் நூற்றாண்டுகளாகக் குப்பையும் இடிபாடும் குவிந்து குன்றாகிப்போன ஏறத்தாழ 30 ஹெக்டேர் நிலத்தை அது பூங்காவாக்கியது. அல் அசார் பூங்கா என்ற பெயரில் 2005இல் அது திறக்கப்பட்டது. மண்ணை அகற்றும்போது புதைந்து கிடந்த 12ஆம் நூற்றாண்டில் அய்யூபிய அரசமரபினர் எழுப்பிய மதில் வெளிப்பட்டது. பூங்கா வந்ததும் பக்கத்தில் உள்ள ஏழைக் குடியிருப்பான தர்ப் அல் அஹ்மரின் நிலமதிப்பு உயர்ந்து மக்கள் வெளியேற்றப்படக்கூடும் என்ற அச்சம் இருந்ததால், அங்குள்ள வீடுகளைப் பழுதுபார்ப்பதற்கு உதவியும் கடனும் திட்டத்திலேயே சேர்க்கப்பட்டன. மதிலைச் சீரமைக்கும் பணியில் அந்தப் பகுதி இளைஞர்களே கல்வேலையும் தச்சுவேலையும் கற்று ஈடுபட்டார்கள்.

தொழில் தெரிந்தவர்கள் இல்லாமல் மேலே சொன்ன எதுவும் நடக்காது. மாலியின் ஜென்னே நகரத்தில் மண்ணால் கட்டிய பெரிய பள்ளிவாசலுக்கு ஆண்டுதோறும் ஊரே கூடி மண் பூசுகிறது. அந்தப் பணியை வழிநடத்தும் கொத்தனார்களின் கூட்டமைப்பு தன் திறனைத் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்து வருகிறது. பராமரிப்பு அங்கே ஆண்டு நாட்காட்டியில் இடம்பெற்ற வேலை. பெரும்பாலான நகரங்களில் அது வரவு செலவுத் திட்டத்தில்கூட இடம்பெறுவதில்லை. புதிய திட்டத்துக்கு நிதி ஒதுக்குவோர் மழைநீர்க் குழாயைச் சுத்தம் செய்வதற்கு ஒதுக்குவதில்லை. சுண்ணாம்பை நீர்த்துப் பதமாகப் புளிக்கவைக்கத் தெரிந்த கொத்தனார் கிடைக்காத ஊரில், எந்தச் சாசனமும் சிமெண்ட் பூசுவதைத் தடுக்க முடியாது. ஆகவே பழைய நகரத்துக்குப் பசுமைத் திட்டம் தீட்டுவோர் முதல் ஆண்டின் செலவுப் பட்டியலில் கருவிகளுக்கு முன்னால் தொழிற்பயிற்சிக்கும் வழக்கமான பராமரிப்புக்கும் தொகை ஒதுக்கியிருக்கிறார்களா என்று பார்த்தாலே, அந்தத் திட்டம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஓரளவு கணித்துவிடலாம்.